கியர் சைக்கிளா, சாதா சைக்கிளா? பின்சக்கரத்தின் 'வாயை'ப் பாருங்கள்!

சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? வண்ணத்தைப் பார்க்கிறார்கள். டயரின் பருமனைப் பார்க்கிறார்கள். மணியை ஒரு தடவை அடித்துப் பார்க்கிறார்கள். பிறகு, "எத்தனை கியர்?" என்று கேட்கிறார்கள். "இருபத்தொன்று" என்று கடைக்காரர் சொன்னதும் பையனின் முகம் மலர்ந்துவிடுகிறது. அப்பா பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்.

பின்சக்கரத்தின் பக்கம் குனிந்து பார்ப்பவர் யாரும் இல்லை.

அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சக்கரத்தின் ஆக்சில், ஃபிரேமில் வந்து உட்காரும் இடம் ஒன்று இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கக்கூடிய ஒரு தகடு. அதில் ஒரு பிளவு. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. அவ்வளவுதான். ஆனால் ஒரு சைக்கிள் பத்து வருஷம் உழைக்குமா, பத்தாவது மாதமே திண்ணையில் சாய்ந்துவிடுமா என்பதில் பாதியை அந்தப் பிளவுதான் தீர்மானிக்கிறது. இது என் அபிப்பிராயம்.

ஆங்கிலத்தில் இதை 'டிராப் அவுட்' என்கிறார்கள். கழன்று கீழே விழுவது என்று அர்த்தம். நட்டைத் தளர்த்தினால் சக்கரம் கீழே இறங்கி வந்துவிடும். அதனால் அந்தப் பெயர். நமக்கு அந்தப் பெயர் வேண்டாம். ஆக்சிலை ஃபிரேம் வாயில் கவ்விக்கொள்கிறது அல்லவா? எனவே 'வாய்' என்றே சொல்லிவிடுவோம்.

வாயில் மூன்று ஜாதி

முதலாவது, நீண்ட வாய். பிளவு படுக்கை வாட்டத்தில் இருக்கும். திறப்பு முன்பக்கம் இருக்கும். ஆக்சிலை அதற்குள் முன்னும் பின்னும் நகர்த்தலாம்.

இரண்டாவது, அதுவும் நீண்ட வாய்தான். ஆனால் திறப்பு பின்பக்கம் இருக்கும். வட்டமான பந்தய மைதானத்தில் ஓட்டுகிற சைக்கிள்களுக்கு இந்த வாய்தான். ஜப்பானில் 1948-ஆம் ஆண்டு தொடங்கிய 'கெய்ரின்' என்ற பந்தயத்தை அறிந்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள்.

மூன்றாவது, நேர் வாய். பிளவு கீழிருந்து மேலாகச் செல்லும். ஆக்சில் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டால் முன்னும் நகராது, பின்னும் நகராது. இப்போது விற்கிற கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் இதுதான்.

நகர்கிறதும் நகராததும் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். செயினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் விளங்கிவிடும்.

செயின் நீளுமா?

"செயின் நீண்டுவிட்டது" என்று சைக்கிள் கடையில் சொல்வார்கள். இரும்பு ரப்பர் மாதிரி நீளாது. கண்ணிகளைக் கோக்கும் ஆணிகள் தேய்கின்றன. ஒவ்வொரு ஆணியும் ஒரு மயிரிழை தேய்ந்தாலும், நூறு ஆணிக்கும் சேர்த்துப் பார்த்தால் செயின் நீளம் கூடிவிடுகிறது.

சைக்கிள் செயினில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையில் அரை அங்குலம். எனவே புதுச் செயினில் 24 இடைவெளிகளை அளந்தால் சரியாக 12 அங்குலம் வரும். பிள்ளைகளின் ஸ்கேலை வைத்தே இதை அளக்கலாம். 12 அங்குலத்துக்கு மேல் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டுவிட்டால், செயின் மட்டும் போதாது. பல்சக்கரங்களையும் மாற்ற வேண்டி வரும். செயின் தேய்ந்தால் பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும்.

ஒற்றைப் பல்சக்கரம் உள்ள சாதா சைக்கிளில் இந்தத் தளர்ச்சியை யார் சரிசெய்வது? ஸ்பிரிங் கிடையாது. வேறு எந்தச் சாமானும் கிடையாது. சக்கரத்தையே கொஞ்சம் பின்னால் இழுத்து முடுக்க வேண்டும். அதற்கு நீண்ட வாய் வேண்டும்! 50 அங்குலச் செயின் கால் அங்குலம் நீண்டால், அதில் பாதி, அதாவது சுமார் 3 மில்லிமீட்டர், ஆக்சில் பின்னால் போக வேண்டும். நம் தாத்தா காலத்து சைக்கிள்களில் அந்த இடம் தாராளமாக இருந்தது. 1949-இல் ஆரம்பித்து அம்பத்தூரில் தொழிற்சாலை வைத்த டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி 'ஹெர்குலிஸ்' சைக்கிள்களை ஊர் ஊராக அனுப்பியது. பால்காரரும் தபால்காரரும் வாத்தியாரும் மிதித்தது அந்த மாதிரி சாதா சைக்கிள்களைத்தான். செயின் தளர்ந்தால் ஸ்பேனரை எடுத்து இரண்டு நட்டைத் தளர்த்துவார்கள். சக்கரத்தை இழுப்பார்கள். முடுக்குவார்கள். ஐந்து நிமிஷ வேலை!

இழுக்கும்போது ஒரு கவனம் வேண்டும். செயினைக் கம்பி மாதிரி விறைப்பாக இழுத்துவிடக் கூடாது. நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் அசைத்தால் சுமார் அரை அங்குலம் ஆட வேண்டும். பெடலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே பாருங்கள். ஓரிடத்தில் விறைக்கும், ஓரிடத்தில் தளரும். பல்சக்கரம் சுத்த வட்டமாக இருப்பதில்லை. விறைப்பான இடத்தில்தான் இந்த அரை அங்குலத்தைப் பார்க்க வேண்டும். சக்கரம் இரண்டு பக்கக் குழாய்களுக்கும் நட்டநடுவே நிற்கிறதா என்றும் பாருங்கள். அவசரத்தில் முடுக்கினால் டயர் ஒரு பக்கம் உரசும்.

கியர் வந்த கதை

கியர் சைக்கிளில் நீண்ட வாய்க்கு வேலை இல்லாமல் போனது எப்படி? அதற்கு ஐரோப்பாவுக்குப் போக வேண்டும்.

பிரான்ஸ் நாட்டைச் சுற்றிவரும் சைக்கிள் பந்தயம் 1903-இல் தொடங்கியது. அதை நடத்தியவர் ஹென்றி டெக்ராஞ்ச். கண்டிப்பான மனிதர். ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் மாற்றும் கருவியை அவர் பல ஆண்டுகள் உள்ளே விடவில்லை. கால் பலத்தால் ஜெயிக்க வேண்டுமே தவிர, கருவியால் ஜெயிக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

அப்போது வீரர்கள் என்ன செய்தார்கள்? பின்சக்கரத்தின் வலது பக்கம் ஒரு பல்சக்கரம், இடது பக்கம் ஒரு பல்சக்கரம் வைத்துக்கொண்டார்கள். சமதரைக்கு ஒன்று, மலைக்கு ஒன்று. மலையடிவாரம் வந்ததும் இறங்குவார்கள். சக்கரத்தைக் கழற்றுவார்கள். திருப்பி மாட்டுவார்கள். ஏறுவார்கள். உச்சிக்குப் போனதும் மறுபடியும் இறங்கித் திருப்ப வேண்டும்! இரண்டு பல்சக்கரமும் ஒரே அளவு இல்லை. ஒன்றுக்கு ஆக்சில் முன்னால் இருக்க வேண்டும், மற்றதற்குப் பின்னால். நீண்ட வாய் இல்லாவிட்டால் இது நடக்காது.

இத்தாலியில் துல்லியோ கம்பாஞோலோ என்று ஒருவர். 1927-ஆம் ஆண்டு ஒரு மலைப் பந்தயத்தில், பனியில் விரல் விறைத்துப்போய் நட்டைத் திருக முடியாமல் நின்றாராம். பின்னாளில் நெம்புகோலைத் தட்டினால் சக்கரம் கழலும் ஏற்பாட்டைச் செய்ததற்கு அதுதான் காரணம் என்பார்கள். இந்தக் கதையை நம்பாதவர்களும் இருக்கிறார்கள். கதை எப்படியோ, அந்த நெம்புகோல் உண்மை. இன்றைக்கும் லட்சக்கணக்கான சைக்கிள்களில் அது இருக்கிறது.

அதே மனிதர் 1940-களில் இன்னொரு வேடிக்கையான கருவியைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார். அதில் சக்கரமே முன்னும் பின்னும் நகரும்! நீண்ட வாயின் விளிம்பில் பற்கள். ஆக்சிலிலும் பற்கள். ஓட்டுகிறவர் போய்க்கொண்டே கையைப் பின்னால் விடுவார். ஒரு நெம்புகோலைத் திருப்பிச் சக்கரத்தைத் தளர்த்துவார். ஆமாம், ஓடுகிற சக்கரத்தை! பெடலைப் பின்பக்கமாக மிதித்துக்கொண்டே இன்னொரு நெம்புகோலால் செயினை அடுத்த பல்சக்கரத்துக்குத் தள்ளுவார். சக்கரம் தானாக நகர்ந்து செயினுக்கு ஏற்ற இடத்தில் நிற்கும். மறுபடி முடுக்குவார். இதை வைத்துக்கொண்டு ஜினோ பார்த்தாலி 1948-ஆம் ஆண்டு பிரான்ஸ் பந்தயத்தை ஜெயித்தார். அதே பந்தயத்தை அவர் முதலில் ஜெயித்தது 1938-இல். நடுவில் ஒரு உலக யுத்தம்! 1950-இல் பாரிஸ்-ரூபே பந்தயத்தில் ஃபௌஸ்தோ கோப்பி ஜெயித்ததும் இந்தக் கருவியின் தம்பியை வைத்துத்தான். அதற்கு ஒரே நெம்புகோல்.

சர்க்கஸ் மாதிரி இருக்கிறதல்லவா? நீடிக்கவில்லை. பிரான்ஸ் பந்தயத்தில் 1937-இலேயே கியர் மாற்றும் கருவியை அனுமதித்துவிட்டார்கள். ஸ்பிரிங் வைத்த கை ஒன்று பின்சக்கரத்துக்குக் கீழே தொங்கும். அதில் சின்னப் பல்சக்கரங்கள். செயின் தளர்ந்தால் கை பின்னால் போய் இழுத்துக்கொள்ளும். விறைத்தால் முன்னால் வந்து விட்டுக்கொடுக்கும். இதை 'டெரெய்லர்' என்கிறார்கள். நாம் 'கியர் கை' என்போம். கம்பாஞோலோவும் 1950-ஐ ஒட்டி அந்த வழிக்கே வந்துவிட்டார்.

தளர்ச்சியைக் கியர் கை பார்த்துக்கொண்டால் ஆக்சில் எதற்கு நகர வேண்டும்? வேண்டியதில்லை! ஆனாலும் 1970-களில்கூடப் பந்தய சைக்கிள்களில் நீண்ட வாயைத்தான் வைத்தார்கள். பழக்கம் லேசில் போகுமா? பிறகு மெதுவாக நேர் வாய் வந்தது. ஒவ்வொரு தடவையும் சக்கரம் ஒரே இடத்தில் வந்து உட்காரும். ஓங்கி மிதித்தாலும் ஆக்சில் முன்னால் நழுவாது. சக்கரம் கோணாது. பஞ்சர் ஒட்டிவிட்டுச் சக்கரத்தை மாட்ட ஒரு நிமிஷம் போதும்.

ஆகவே கியர் சைக்கிளுக்கு நேர் வாய். சாதா சைக்கிளுக்கு நீண்ட வாய். இதுதான் பொது விதி. விவகாரம் இதற்கு மேல்தான் இருக்கிறது.

வாய்க்குப் பக்கத்தில் ஒரு காது

கியர் கை எதில் தொங்குகிறது? வலது பக்க வாய்க்குக் கீழே ஒரு சின்னத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதில் 10 மில்லிமீட்டர் அளவில் ஒரு மரைத் துளை. அதில்தான் கியர் கையைத் திருகியிருப்பார்கள். ஆங்கிலத்தில் 'ஹேங்கர்'. நாம் 'காது' என்போம்.

கியர் சைக்கிளின் உயிர் இந்தக் காதில் இருக்கிறது. பின்னால் 7 பல்சக்கரம் உள்ள சைக்கிளில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மில்லிமீட்டர். 11 பல்சக்கரம் உள்ளதில் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. காது கொஞ்சம் வளைந்தாலும் கியர் கை கணக்குத் தவறிவிடும். மூன்றாவது கியர் போட்டால் நான்காவதில் விழும். கடகடவென்று சத்தம் வரும். அதுகூடப் பரவாயில்லை. காது உள்பக்கமாக வளைந்திருந்தால், மலைக்கு வைத்த பெரிய பல்சக்கரத்துக்குச் செயினை மாற்றும்போது, கியர் கை போக்ஸ் கம்பிக்குள் போய் மாட்டிக்கொள்ளும். சக்கரம் அப்படியே நின்றுவிடும்!

எங்கள் தெருவில் ஒரு பெண் குழந்தைக்கு இது நடந்தது. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூட சைக்கிள் நிறுத்தத்தில் வரிசையாக நின்ற சைக்கிள்கள் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்திருக்கின்றன. அவள் சைக்கிள் வலது பக்கமாக விழுந்து, மேலே நான்கு சைக்கிள்கள். மாலையில் தூக்கி நிறுத்திக்கொண்டு வந்துவிட்டாள். வெளிக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மேம்பாலம் ஏறும்போது கியரை மாற்றினாள். டமார்! பின்னால் வந்த ஆட்டோக்காரர் நல்ல மனிதர்; சமாளித்து நிறுத்திவிட்டார். முழங்காலில் காயத்தோடு போயிற்று.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவளுடைய அப்பாவும் நானும் கடைக்குப் போனோம். மெக்கானிக் பார்த்தார். ஐந்து போக்ஸ் கம்பி போயிருந்தது. கியர் கை முறுக்குப் பிழிந்த மாதிரி இருந்தது. அதெல்லாம் கடையில் இருந்தது. காது மட்டும் இல்லை.

"அண்ணே, இந்தக் காது என்கிட்ட இல்லே. இது ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு மாதிரி. கம்பெனியிலேயிருந்து வரணும்" என்றார்.

"பெண்டு எடுத்துத் தர முடியாதா தம்பி?"

"அலுமினியம் அண்ணே. ஒரு தடவை வளைஞ்சதைத் திருப்பி வளைச்சா உடைஞ்சுடும். நாளைக்குப் பாப்பாதானே ஓட்டணும்?"

அந்த இளைஞர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வந்த காசைப் பார்த்துக்கொண்டு தட்டி நிமிர்த்திக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. காது வந்து சேர ஐந்து வாரம் ஆயிற்று. ஐந்து வாரமும் அந்தப் பெண் பஸ்ஸில் போனாள்.

உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒரு துண்டு! அதை முன்கூட்டியே ஒன்று வாங்கி வைத்திருந்தால் அரைமணி நேரத்தில் மாட்டியிருக்கலாம்.

உடையத்தான் செய்தார்கள்

காதை ஏன் இவ்வளவு மெலிதாகச் செய்கிறார்கள் என்று கோபம் வரும். காரணம் இருக்கிறது. அலுமினிய ஃபிரேமோடு சேர்த்தே காதை வார்த்துவிட்டால், அது உடையும்போது ஃபிரேமே வீணாகிவிடும். அதனால் தனித் துண்டாகச் செய்து திருகாணியால் பொருத்துகிறார்கள். அடிபட்டால் காது போகும், ஃபிரேம் பிழைக்கும். வீட்டு மின்சாரத்தில் பியூஸ் கம்பி எரிகிற மாதிரிதான்.

பழைய இரும்பு ஃபிரேம்களில் காது ஃபிரேமோடு சேர்ந்தே இருக்கும். அதில் தவறில்லை. இரும்பு பொறுமைசாலி. வளைந்தால் நிமிர்த்தலாம். ஓட்டிப் பார்த்து, மறுபடியும் நிமிர்த்தலாம். அலுமினியத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆகவே காதைக் கழற்ற முடியாத அலுமினிய ஃபிரேமை யாராவது விற்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

என் குறை காது உடைகிறது என்பதல்ல. ஆளுக்கு ஒரு வடிவத்தில் செய்கிறார்கள் என்பதுதான். உலகத்தில் நூற்றுக்கணக்கான வடிவங்களில் காதுகள் இருக்கின்றன. திருகாணி ஒன்றில் மேலே, ஒன்றில் கீழே. வளைவு ஒன்றில் இப்படி, ஒன்றில் அப்படி. எந்தக் கடைக்காரரால் அத்தனையும் வாங்கி அடுக்கி வைக்க முடியும்? அமெரிக்காவில் 'ஸ்ராம்' என்ற கம்பெனி 2019-இல் எல்லோருக்கும் பொதுவான ஒரே காது என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மற்ற கம்பெனிகளும் அந்த அளவுக்கு ஃபிரேம் செய்யலாம் என்று விட்டுவிட்டது. விலை உயர்ந்த மலை சைக்கிள்களில் அது பரவிவிட்டது. நம் பிள்ளைகள் ஓட்டுகிற சைக்கிளுக்கு அல்லவா அது முதலில் வந்திருக்க வேண்டும்? பல்புக்கு ஒரே அளவு மூடி இருக்கிறது. சைக்கிள் ட்யூபுக்கு அளவு எழுதியிருக்கிறது. காதுக்கு மட்டும் எதற்கு இந்தக் கண்ணாமூச்சி?

ஏளனம் செய்யப்படும் தகடு

விலை குறைந்த கியர் சைக்கிள்களில் இன்னொரு ஏற்பாடு உண்டு. ஃபிரேமில் காதே இருக்காது. வாய் நீண்ட வாயாக இருக்கும். கியர் கையோடு ஒரு இரும்புத் தகடு சேர்ந்து வரும். அதை வாயில் செருகி, சக்கரத்தின் ஆக்சில் நட்டாலேயே முடுக்கிவிடுவார்கள்.

சைக்கிள் ரசிகர்கள் இதைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். "இதெல்லாம் ஒரு கியரா?" என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பஞ்சர் ஒட்ட நட்டைத் தளர்த்தினால் தகடும் தளரும். திரும்ப முடுக்கும்போது கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் கியர் சரியாக விழாது. ஓங்கி மிதித்தால் ஆக்சிலும் நகரலாம்.

ஆனாலும் நான் இந்தத் தகட்டின் கட்சி. ஒரு சிறு ஊரில், 7 கியர் வைத்த சைக்கிளைப் பள்ளிப் பிள்ளை ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தகடு வளைந்தால் எந்தக் கடையிலும் பெண்டு எடுப்பார்கள். உடைந்தால் வேறு தகடு கிடைக்கும்; ஏறக்குறைய எல்லாம் ஒரே மாதிரிதான். ஐந்து வாரம் காத்திருக்க வேண்டாம். பின்னால் 11 பல்சக்கரம் வைத்தவருக்கு இது ஒத்துவராது. 7 பல்சக்கரத்துக்கு இது போதும். அழகு குறைவுதான். அழகையா மிதிக்கப் போகிறோம்?

யாருக்கு எது?

கியர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊட்டியில், கொடைக்கானலில், ஏற்காட்டில் இருப்பவர்களுக்குக் கியர் இல்லாமல் முடியாது. தினமும் 20 கிலோமீட்டர் போய் வருகிறவர்களுக்கும் எதிர்காற்றில் கியர் உதவும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கும் அது நல்லது.

தஞ்சாவூர்ச் சமவெளியில், மூன்று கிலோமீட்டரில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு 21 கியர் எதற்கு? நடுவில் ஒரே ஒரு பாலம் இருந்தால் அதற்கும் வழி உண்டு. சாதா சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் 20 பல் உள்ள ஃபிரீவீலை மாற்றிப் பாருங்கள். மிதிப்பது பத்தில் ஒரு பங்கு லேசாகிவிடும். ஒரு பல் கூடினால் ஆக்சில் சுமார் 3 மில்லிமீட்டர் முன்னால் வர வேண்டும். இரண்டு பல்லுக்கு 6 மில்லிமீட்டர். நீண்ட வாயில் அந்த இடம் இருக்கும்! இதற்குச் செலவு ஒரு ஃபிரீவீல் விலையும் கடைக்காரர் கூலியும்தான். கியர் சைக்கிளுக்கும் சாதா சைக்கிளுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் இது எத்தனையில் ஒரு பங்கு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில வாலிபர்கள் பழைய கியர் சைக்கிளில் கியரை எல்லாம் கழற்றி வீசிவிட்டு ஒற்றைப் பல்சக்கரம் மாட்டுகிறார்கள். இப்போது அது ஒரு நாகரிகம். மாட்டட்டும், நல்லதுதான். ஆனால் அந்த ஃபிரேமில் இருப்பது நேர் வாய். ஆக்சில் நகராது. செயினை நீளம் குறைக்கலாம் என்றால், ஜோடிக் கண்ணியாக ஓர் அங்குலம் குறைக்க வேண்டும். ஒன்று தொளதொளவென்று தொங்கும், அல்லது எட்டவே எட்டாது. அரைக்கண்ணி என்று ஒன்று விற்கிறார்கள். அதைப் போட்டால் அரை அங்குலத்தில் சமாளிக்கலாம். அப்படியும் செயின் தேயத்தேயத் தொங்கும். நடு ரோட்டில் செயின் கழன்றால், மிதித்த கால் வழுக்கி ஆள் கீழே விழுவார். இப்படி மாற்றுகிறவர்கள் செயினை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் கை ஒன்றைக் காதில் மாட்டிக்கொள்ளுங்கள். அது அழகைக் கெடுக்கிறது என்று கழற்றிவிடாதீர்கள்.

பின்பக்கம் திறந்த வாயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைதானத்துக்கு நல்லது. பலசாலி ஓங்கி மிதித்தாலும் ஆக்சில் வாயைவிட்டு முன்பக்கம் கழன்று வராது. வீட்டு சைக்கிளுக்கு ஒரு தொந்தரவு உண்டு. சக்கரத்தை முதலில் முன்னால் தள்ளி, செயினைக் கழற்றி, பிறகு பின்னால் இழுக்க வேண்டும். மட்கார்டு இருந்தால் இடிக்கும். பஞ்சர் ஒட்டுகிறவர் மனசுக்குள் திட்டுவார்.

சக்கரத்தின் நடுக் குடத்துக்கு உள்ளேயே கியர் வைத்த சைக்கிள்களும் உண்டு. இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்தில் 1902-இல் தொடங்கிய 'ஸ்டர்மி ஆர்ச்சர்' கம்பெனியின் மூன்று கியர் உலகப் பிரசித்தம். அதில் கியர் கை கிடையாது, காதும் வேண்டாம். ஆனால் செயினை இழுத்துப் பிடிக்க யாரும் இல்லாததால் அதற்கும் நீண்ட வாய்தான் வேண்டும். விலைதான் கொஞ்சம் கூடுதல்.

வாயையே நகர்த்தும்படி செய்த ஃபிரேம்களும் வந்துவிட்டன. நேர் வாய் உள்ள தகட்டைத் திருகாணியால் முன்னும் பின்னும் தள்ளலாம். இன்று கியர், நாளை ஒற்றைப் பல்சக்கரம் என்று மாற்றிக்கொள்ளலாம். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளுக்கு இது சௌகரியம். சக்கரத்தோடு பிரேக்கும் சேர்ந்து நகரும். சாதாரண நீண்ட வாயில் ஆக்சிலை நகர்த்தினால் ரிம்மைப் பிடிக்கும் பிரேக் கட்டையைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். இந்த வசதியான ஃபிரேமுக்கு விலை மிக அதிகம். இரண்டு மாதிரியும் ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் பணக்காரப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுவோம்.

கடையில் என்ன கேட்பது?

கியர் சைக்கிளே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டீர்களா? கடைக்காரரிடம், "இதன் காது தனியாகக் கழலுமா?" என்று கேளுங்கள். ஹேங்கர் என்று சொன்னால் அவருக்கு உடனே புரியும். கழலும் என்றால், "இன்னொன்று இப்போதே கொடுங்கள்" என்று கேளுங்கள். சைக்கிள் விலையோடு பார்த்தால் அது அற்பம். அவர் "வரவழைத்துத் தருகிறேன்" என்றால், வரும்வரை பாக்கிப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. சீட்டுக்குக் கீழே மாட்டும் சின்னப் பையில் அதைப் போட்டு வையுங்கள். அடுத்த வருஷம் அந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிடலாம்; அப்போது அந்தத் துண்டின் அருமை தெரியும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தண்ணீர் பாட்டில் இலவசம், ஸ்டிக்கர் இலவசம் என்று போர்டு வைக்கிறீர்கள். பாட்டிலுக்குப் பதில் ஒரு காது கொடுங்களேன்!

வீட்டில் பெரியவர்கள் வாரம் ஒருமுறை சைக்கிளுக்குப் பின்னால் நின்று கியர் கையைப் பாருங்கள். மேலே உள்ள பல்சக்கரமும் கீழே தொங்கும் சின்னப் பல்சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கியர் கை சக்கரத்தின் பக்கம் சாய்ந்திருந்தால் காது வளைந்திருக்கிறது என்று அர்த்தம். நிமிர்த்தும்வரை பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். நீண்ட வாயோ, நேர் வாயோ, இரண்டு பக்க நட்டும் இறுகியிருக்கிறதா என்று ஸ்பேனரை வைத்து ஒரு தடவை பாருங்கள்.

சைக்கிளைச் சாய்க்க நேர்ந்தால் இடது பக்கம் சாய்க்கச் சொல்லுங்கள். கியரும் காதும் இருப்பது வலது பக்கம். பஸ்ஸின் மேல் ஏற்றினாலும், மினி லாரியில் போட்டாலும் வலது பக்கம் மேலே இருக்கட்டும். ஏற்றுவதற்கு முன் செயினைப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டால் கியர் கை உள்ளே ஒடுங்கி நிற்கும். மூட்டை முடிச்சு இடித்தாலும் அடி குறைவாகப் படும்.